கணக்கில் வராத ஞாயிறு

சீனப் பெருநாள் பட்டாசுத் தாள்
கடைத்தெருக் கால்வாயில் இன்னும் சிவப்பாய் மிதக்கிறது.
அதற்குள் சாம்பல் புதன்.

போன வருடக் குருத்தோலையைச்
சுரூபத்துக்குப் பின்னாலிருந்து உருவியபோது
பல்லி முட்டை ஒன்றும் சேர்ந்து விழுந்தது.
கோயிலில் கொடுத்தோம். எரித்தார்கள்.
எங்கள் நெற்றிக்கே திரும்பி வந்தது.

சந்தியாகு சாம்பலைத் துடைக்கவில்லை.
விடிகாலைப் பூசை முடிந்த கையோடு
மோட்டாரை முறுக்கிப் பெரட்டுக்குப் போனார்.
"என்னப்பா, நெத்தியிலே கரி?"
மண்டோர் கேட்டாராம்.
"நாற்பது நாளைக்கு நல்லவன்" என்றாராம் இவர்.
செம்பனைக் குலை ஏற்றுகிறவர்கள்கூடச் சிரித்தார்களாம்.
எனக்குச் சிரிப்பு வரவில்லை.
அந்த நாற்பதை எனக்குத் தெரியும்.

அந்த நாற்பது நாள் மட்டும்
இந்த வீட்டுக்கு ஓர் ஆள் வருகிறார்.
ஒழுகும் குழாய்க்கு வாஷர் மாற்றுகிறார்.
கிளமெண்டின் பையில் அறுந்த வாரை
மீன்பிடி நரம்பால் தைக்கிறார்.
விளக்கு வைக்கும் நேரத்துக்கு வந்து நின்று
இன்றைக்கு என்ன குழம்பு என்கிறார்.
எனக்குப் பதில் பழக இரண்டு நாள் ஆகிறது.

ஒறுத்தல், ஒறுத்தல் என்கிறார் ஃபாதர்.
பிள்ளைகளுக்கு விளங்கவில்லை.
அவர்களுக்கு இதுதான் பெருநாள்.

வெள்ளிக்கிழமை சுத்தபோசனம்.
ரம்லான் சந்தையில் வாட்டுகிற கோழி
புகையாக வந்து எங்கள் ஜன்னலில் உட்காரும்.
நான் கங்கோங் கீரையை நறுக்குவேன்.
கோழிக்கு எடுத்த காசு அட்டைப் பெட்டிக்குள் போகும்.
"வெள்ளிக்கு அஞ்சு வெள்ளி" என்று
குலுக்கிக் குலுக்கிப் போடுவான் கிளமெண்டு.
"அப்போ பெரிய வெள்ளிக்கு
அம்பது வெள்ளி நோட்டாம்மா?"

பிலோமிக்குப் பத்து வயது.
சாமான்கடை நாள்காட்டியில் அவள் வைக்கிறாள்
அப்பாவுக்கு ஒரு செக்ரோல்.
குடிக்காத நாளுக்குக் கோடு.
மற்றதற்கு வட்டம்.

முதல் ஞாயிறு, சாயங்காலம்,
சட்டையை மாட்டிக்கொண்டே சொன்னார்:
"ஞாயிறு கணக்கில வராது.
ஆண்டவர் உயிர்த்த நாள். ஃபாதரையே கேளு."
எண்ணிப் பார்த்தேன். உண்மைதான்.
ஞாயிறுகளைக் கழித்தால்தான் நாற்பது வருகிறது.
ஞானோபதேச வகுப்பில்
இது ஒன்றை மட்டும் காதில் வாங்கியிருக்கிறார்.

நடுராத்திரியில்
சாவி பூட்டைத் தேடுகிற சத்தம்.

மறுநாள் இருட்டோடு கோப்பி கலக்கிக்கொண்டு வந்தேன்.
நாள்காட்டி முன்னால் நின்றிருந்தார்.
வட்டத்துக்குப் பக்கத்தில் பென்சிலில்:
அப்பா கடன் 1.
கோப்பியை வாங்கினார். ஆறும்வரை குடிக்கவில்லை.

இரண்டாம் ஞாயிறு, கடன் 2.
மூன்றாம் ஞாயிறு மழை. போகவில்லை.
மழைக்காகவா, எங்களுக்காகவா,
நான் கேட்டுக்கொள்ளவில்லை.

சிலுவைப்பாதையில்
ஒன்பதாம் தலத்தில் முழங்காலிட்டோம்.
இயேசு மூன்றாம் முறை கீழே விழுகிறார்.
கிளமெண்டு அக்காளின் காதில் சொன்னான்,
ஆனால் அவன் குரல் அடங்கவே அடங்காது:
"அப்பாவுக்கு இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு."
முன்வரிசையில் யாரோ திரும்பினார்கள்.
சந்தியாகு எழுந்திருக்க
கொஞ்சம் நேரமாயிற்று.
முழங்கால் வலி என்றார்.

நாலாம் ஞாயிறு, ஐந்தாம் ஞாயிறு, குருத்து ஞாயிறு,
மூன்றும் கோடு.
நான் நேர்ச்சை எதுவும் வைக்கவில்லை.
வைத்தால் கலைந்துவிடும் போலிருந்தது.

உயிர்ப்பு ஞாயிறு.
ஆட்டுக்கறி கொதிக்கிறது.
வாசலில் கூட்டாளிகளின் ஹார்ன், இரண்டு தடவை.
அவர் சட்டை போட்டிருக்கிறார். பொத்தான் போடவில்லை.
நாள்காட்டியைப் பார்த்துப் பிலோமியிடம் சொல்கிறார்:
"அந்தக் கடன்ல ஒண்ணை இன்னைக்குக் கட்டிடறேன்."

அவள் பென்சிலைக் காதில் செருகிக்கொள்கிறாள்.
"ஞாயிறு கணக்கில வராதுப்பா.
நாளைக்கு ஒண்ணு. செவ்வாய்க்கிழமை ஒண்ணு."

ஹார்ன் மூன்றாம் தடவை அடிக்கிறது.
அவர் கதவைப் பார்க்கிறார், மகளைப் பார்க்கிறார்,
சிரிப்பா இருமலா தெரியாத ஒரு சத்தம் போடுகிறார்.

நான் அடுப்பைத் தணிக்கிறேன்.
திங்கள் இருக்கிறது. செவ்வாய் இருக்கிறது.
புதனை யாரும் இன்னும் தொடவில்லை.